நான்கு விநாடி அதிகம்

மணிமொழி அந்த அடையாறு வீட்டின் மாடியேறியபோது காலை பதினோரு மணி. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டரில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் செய்பவர் ரகுபதி. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவரே உட்கார்ந்து கையால் பில்டு போட்டு, மென்பொருளை முழுதாகப் புதிதாக்கிக்கொண்டிருந்தார். இனி அதை இயந்திரமே தானாகச் செய்ய ஏற்பாடு பண்ணத்தான் அவளை வரவழைத்திருந்தார்.

"ரெக்கார்டிங் ரூம்லதான் மிஷின் இருக்கும்மா" என்றவர், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு. கதவைச் சாத்தியதும் மழைச் சத்தம் அறுந்துபோனது. தன் மூச்சு தனக்கே கேட்டது. ஈர வாடையோடு எங்கிருந்தோ தைல நெடி.

ஏற்பாடு எளிதுதான். யார் எந்தத் திருத்தம் போட்டாலும் இயந்திரம் மென்பொருளைப் புதிதாகக் கட்டும். ஒரே ஒரு வாக்கியத்தை வாசிக்கச் சொல்லும். ஒலி மூன்று விநாடி இருந்தால் சரி, திரையில் பச்சை; இல்லையென்றால் தவறு, சிவப்பு. வாசிக்கும் குரல், ரகுபதிக்குக் குரல் பதிந்து கொடுத்துப் போன வருடம் தவறிப்போன ஆலிஸ் டீச்சருடையது.

முதல் பில்டு சிவப்பு. நான்கு விநாடி அதிகம்.

ஹெட்போனை மாட்டினாள். "இன்று வானம் தெளிவாக இருக்கிறது" என்றது கனிவான குரல். அப்புறம் அமைதி. அதன் பின்னால், இழுத்து இழுத்து ஒரு மூச்சு.

ஏசி இரைச்சலாக இருக்கும். எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டினாள்.

ஒன்பது விநாடி அதிகம். ஸ்பாஞ்சை நகத்தால் பிறாண்டும் சத்தம்.

மூன்றாவதை அவள் ஓட்டவில்லை.

அதுவே ஓடியது.

"சார்... கதவு..." என்றது ஹெட்போனில் அதே குரல்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். பிறாண்டல் நிற்கவில்லை. அது அவள் முதுகுக்குப் பின்னால், சுவரில் கேட்டது.

கதவை இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் குத்தினாள், கத்தினாள். வெகுநேரம் கழித்துத் தாழ் விலகியது. வெளிறிய முகத்தோடு ரகுபதி.

"ஏன் சார் வெளியே தாழ் போட்டீங்க?"

"நான் போடலம்மா." அவர் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "டீச்சர் கடைசியா பேச வந்த அன்னிக்குத்தான் போட்டேன். ரோட்டு சத்தம் உள்ள வரக்கூடாதேன்னு. டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள டீச்சருக்கு வீசிங் வந்திருக்கு. தட்டியிருப்பாங்க... யாருக்குக் கேட்கும்? தாழ் போட்டதை அவங்க வீட்ல இன்னிவரைக்கும் நான் சொல்லலம்மா."

அவர் கதவைப் பிடித்துக்கொள்ள, மணிமொழி இயந்திரத்தின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டாள். குரல் கோப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக மறுநாள் ரகுபதி சொன்னார்.

மூன்று வாரம் கழித்து ஒரு போன். சைதாப்பேட்டையிலிருந்து ஹபீபுர் ரஹ்மானாம்; பார்வையில்லாதவர், ரகுபதியின் மென்பொருளைப் பயன்படுத்துபவர்.

"புது வெர்ஷன் காலைல தானா வந்துச்சும்மா. நல்லா கீது. ஆனா படிக்க சொல்ல நடுவுல நின்னுட்டு, 'இங்க இருட்டா இருக்கு'ன்னுது. எனக்கும் அப்டித்தான்மான்னேன். அப்பலேந்து பேசிக்கினே கீது."

மணிமொழி போனைக் காதிலிருந்து எடுத்து, அழைத்த நம்பரைப் பார்த்தாள்.

"என் நம்பர்... உங்களுக்கு யார் குடுத்தா?"

"டீச்சரம்மாதான். இரும்மா, உன்னாண்ட இன்னாவோ கேக்கணுமாம். ஸ்பீக்கர்ல போடறேன்."