வந்தாச்சு

உப்பங்கழிக் கரை விடுதி அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரமாகியும் அவள் காலில் இருந்த சேறு காயவில்லை. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் கால்சட்டையில் தெறித்த சேறு எப்போதோ வெளுத்து உதிர்ந்துவிட்டது. அவள் கணுக்காலில் மட்டும் அது இப்போதுதான் அள்ளிப் பூசியதுபோல் கறுத்து மினுங்கி, அழுகிய முட்டை நாற்றத்தோடு வெள்ளைப் படுக்கை விரிப்பில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கழுவச் சொல்லி மூன்று தடவை சொல்லியாயிற்று. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அவன் டைல்ஸ் கடை மேலாளர். பளபளவென்று இல்லாத எதையும் அவனுக்குப் பிடிக்காது. அவள் கல்லூரியில் தாவரவியல் நடத்துபவள். அலையாத்திக் காட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மூன்று வருடமாக நச்சரித்தவள். தொலையட்டும் என்று கூட்டி வந்தான். வேலை மெனக்கெட்டு இத்தனை தூரம் வந்து பார்த்தது என்ன? சேறு. சேற்றில் குத்திட்டு நிற்கும் குச்சிகள். அதற்குப் பெயர் மூச்சு வேராம். படகில் அவள் வகுப்பே எடுத்துவிட்டாள். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் இந்த வேர்கள் மேல்நோக்கி வளரும், தண்ணீர் வடிந்த நேரத்தில் நுனி மட்டும் வெளியே இருந்தால் போதும், புதைந்தது அத்தனையும் உயிரோடு இருக்கும் என்றாள். அவன் கொட்டாவி விட்டான்.

படகுக்காரர் அதற்கு மேல் வேடிக்கை. காட்டு நடுவில் இறங்கிப் பார்க்கும் திட்டிலிருந்து திரும்பும்போது, படகைக் கிளப்பும் முன் ஒவ்வொருவரும் தன் வாயால் "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டுமாம். ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக் கூடாதாம். ஏன் என்று கேட்டான்.

"வராதவங்களுக்கு வந்தாச்சுன்னு சொன்னா, வேற ஏதாவது வந்து உக்காந்துக்கும் சார்."

யாருக்குக் காது குத்துகிறான் இந்த ஆள் என்று அவன் மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

திட்டில் இறங்கிய அவள் புதர் மறைவில் போய் வேர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் படகிலேயே உட்கார்ந்திருந்தான். கொசு பிடுங்கி எடுத்தது. படகுக்காரர் முன்பக்கம் குனிந்து கயிற்றை அவிழ்த்தபடி, அம்மா வந்தாச்சா என்று கேட்டார். மனைவியின் குரலில் பேசிக் காட்டுவது அவனுடைய பழைய வித்தை. கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கழுத்தை ஒடித்துக்கொண்டு, "வந்தாச்சுங்க" என்றான். அடித்துப் பிடித்து ஓடி வரட்டும் என்றுதான். உடனே அவன் முதுகுக்குப் பின்னால் படகு ஒரு பக்கம் தாழ்ந்தது. அப்படி வா வழிக்கு என்று நினைத்தபடி, நண்பர்களுக்கு அனுப்பிக் கேலி செய்ய, விலகும் கரையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தான்.

வழி முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. அப்பாடா, வகுப்பு முடிந்தது என்றுதான் இருந்தது அவனுக்கு.

மூன்று மணிக்குப் படகுக்காரர் போன் செய்தார். திட்டில் ஒரு பெண்ணின் செருப்பு கிடப்பதாக வேறு படகில் வந்தவர்கள் சொன்னார்களாம். அம்மா அறையில்தானே இருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஏறும் முன் போய்ப் பார்த்துவிடுகிறேன் என்றார்.

அவன் கைப்பேசியை அவள் முதுகுப் பக்கம் நீட்டினான். அவள் அசையவில்லை. பெண்டாட்டி என்னோடு பேசமாட்டேன் என்கிறாள் என்று போயும் போயும் ஒரு படகோட்டியிடம் சொல்வதா? கழுத்தை ஒடித்தான்.

"வந்தாச்சுங்க."

"சரிம்மா. அப்ப நான் படகைக் கரையேத்திடறேன்."

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. வேறு ஏதோ இருக்க வேண்டும், அது இல்லை என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பிறகு புரிந்தது. மூச்சுச் சத்தம். அவள் முதுகையே பார்த்தான். மேலே எழவில்லை. கீழே இறங்கவில்லை. நூறு வரை எண்ணினான். விரிப்பின் மேல் கிடந்த அவள் கையில் பச்சைக்கல் மோதிரம் இல்லை. இருபது வருட மோதிரம். அது இருந்த தடம்கூட இல்லை.

கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்தான். சேறு. வேர்கள். நூற்றுக்கணக்கான நுனிகள். விரலால் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான்.

நடுவில் ஐந்து மட்டும் நெருக்கமாக நின்றன.

ஒன்றில் பச்சைக்கல்.

ஜன்னலுக்கு வெளியே பழுப்புத் தண்ணீர் கரையோர வேர்களை விழுங்கிக்கொண்டு ஏறியது. படகுக்காரரை அழைத்தான். மணி அடித்தது. அடித்தது. எடுத்தார். சொல்லிவிட வேண்டும். நான்தான் சொன்னேன், அவள் அங்கேதான் இருக்கிறாள். வாயைத் திறந்தான்.

பின்னால் மெத்தை கிறீச்சிட்டது.

"வந்தாச்சுங்க."

அவள் குரல் அல்ல. அவன் குரல். கழுத்தை ஒடித்து, அவளைப்போல் கேலியாக இழுக்கும் அதே குரல்.

"அதான் சொல்லிட்டீங்களேம்மா" என்று படகுக்காரர் சிரித்துவிட்டு வைத்தார். மறுபடி அழைத்தான். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

அழுகிய முட்டை நாற்றம் அவன் பிடரிக்கு அருகில் வந்து நின்றது. அவன் திரும்பவில்லை. கைப்பேசித் திரையில் ஐந்து நுனிகள். ஜன்னலுக்கு வெளியே, ஒரு நுனிகூடத் தெரியாமல், தண்ணீர் நிரம்பி நின்றது.