கிராணியின் கேப்ஸ் லாக்

யோங் பெங் ஊருக்கு அருகே அந்தச் செம்பனை எண்ணெய் ஆலைக்குள், கணினி பழுதுபார்க்க வந்த லோஷினியின் கார் நுழைந்தபோது மதியம்தான். ஆனால் மழைமேகம் கவிழ்ந்திருந்ததில் எடைமேடை அறையில் விளக்குப் போட்டிருந்தார்கள். வெளியே பழக்குலை ஏற்றிய லாரிகள் சாலைவரை நின்றன. காற்றில் பழம் புளிக்கும் வாடை.

"காலையில இருந்து பாஸ்வேர்ட் ஏறலம்மா," என்றார் எடை பார்க்கும் வீரமுத்து. "இன்னும் ஒரே சான்ஸ். தப்பாப் போனா பூட்டிக்கும். திறக்கிற ஆளு நாளைக்குத்தான் வருவான்."

நாளைக்கென்றால் அத்தனை குலையும் கெட்டுவிடும்.

லோஷினி விசைப்பலகையைப் பார்த்தாள். கேப்ஸ் லாக் விசைமேல் டேப். டேப்மேல் திருநீறு.

"என்ன அங்கிள் இது?"

"இங்க கணக்கெழுதுன தம்பிராஜா கிராணி இந்த நாற்காலியிலதான் போய்ச் சேர்ந்தாரு. எதையும் பெரிய எழுத்துலதான் அடிப்பாரு. அந்தக் கட்டைய யாரும் தொடுறதில்ல லா."

"தொடாம விட்டதுதான் தப்பு."

பழைய எடை மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். அதனால் கணினித் திரையில் ஒரு ஜன்னலுக்குள் இன்னொரு கணினி. வெளியே கேப்ஸ் லாக் அணைந்திருந்தது, உள்ளே எரிந்துகொண்டிருந்தது. பாஸ்வேர்டோ முழுக்கச் சின்ன எழுத்து; அடித்ததெல்லாம் பெரிய எழுத்தாக விழுந்திருக்கிறது.

டேப்பைப் பிய்த்தாள். திரையில் அந்த ஜன்னலுக்கு வெளியே சொடுக்கி, விசையை ஒருமுறை அழுத்தினாள். இப்போது இரண்டும் ஒன்று. உள்ளே போய் மறுபடி அழுத்தினாள். இரண்டும் அணைந்தன.

கையை எடுத்தாள்.

டக்.

விசை தானாக இறங்கி எழுந்தது.

பயனர்பெயர்க் கட்டத்தில் அடித்துச் சோதித்தாள். மறுபடியும் பெரிய எழுத்து. விசைப்பலகையின் விளக்கு மட்டும் எரியவில்லை.

தைல வாடை ஒன்று குளிர்ந்து அவள் தோள்மேல் குனிந்தது.

"அலமாக்... எழுந்து வந்துரும்மா," வீரமுத்து பதறிக் கிசுகிசுத்தார்.

"வர மாட்டேன்."

லோஷினி திரையை நோக்கிப் பேசினாள். "கிராணி ஐயா, நீங்க பெரிய எழுத்தையே வச்சுக்குங்க. நான் ஷிஃப்ட அமுக்கிக்கிட்டு அடிக்கிறேன், சின்னதா விழும். நடுவுல மாத்தினீங்க, வெளிய நிக்கிற பழம் பூரா நாசம். அந்தப் பழி உங்களுக்குத்தான்."

ஷிஃப்டை விடாமல் ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.

காதோரம் யாரோ மூச்சை அடக்கினார்கள்.

என்டர்.

திறந்தது.

வீரமுத்து வெளியே ஓடிப்போய்க் கையசைத்தார். முதல் லாரி மேடையில் ஏறியது, எடை பதிவானது, இறங்கியது. திரையில் பூஜ்யம் வர வேண்டும்.

அறுபது கிலோ.

லோஷினி கண்ணாடி வழியே பார்த்தாள். மேடைமேல் மழையைத் தவிர எதுவும் இல்லை.

லாரிக்காரர்களை அழைக்கும் மைக்கை இழுத்தாள்.

"இறங்குங்க ஐயா. அடுத்த லாரி வரணும்."

பூஜ்யம்.

அறைக்கதவு திறந்து மூடியது. ஈரச் செருப்புத் தடங்கள் அவளை நோக்கி ஒவ்வொன்றாய் வந்தன.

அவள் திரும்பவில்லை.

"பக்கத்துல உக்காருங்க. கீபோர்டத் தொடக் கூடாது."

ஓரத்து ஸ்டூல் மெல்லக் கிறீச்சிட்டது.