மேனேஜரம்மா முட்டும் சுவர்

மேனேஜரம்மா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். நின்றால்கூடப் பரவாயில்லை, உள்ளறை மூலையில் நெற்றியை அழுத்தி, மறுபக்கம் போக வழி கேட்பவள்போல முட்டிக்கொண்டிருந்தாள்.

மெத்தைக்கடைக்காரர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். கல்லாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, வாங்காமல் போகிறவர்களை மட்டும் முறைப்பதால் வாடிக்கையாளர்கள் அவருடைய நாய்க்குச் சூட்டிய பெயர்தான் மேனேஜரம்மா. கோடையில் அவள் பால்மடியில் சின்னதாக ஒரு கட்டி. “உடனே அறுத்து எடுத்துடணும் சார்” என்று சொல்லி ஒரு தொகையும் கேட்டார் கால்நடை மருத்துவர். முதல் பேச்சிலேயே படிந்துவிட்டால் அவன் என்ன வியாபாரி? கிராக்கி பண்ணிக்கொண்டு, நாயோடு மெல்லப் படியிறங்கினார். எந்தக் கடையிலும் விலையைக் குறைத்துப் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். இங்கே கூப்பிடவில்லை. ரோஷத்தில் அவரும் திரும்பவில்லை. கட்டி நுரையீரலுக்குப் போய், இப்போது மூளைக்கு ஏறிவிட்டது.

“ஏங்க, டாக்டர் கிளம்பிட்டாராம்” என்றாள் மனைவி. “ஊசி போட்டு ஒரேயடியாத் தூங்க வச்சிடலாம்ங்கறார்.”

“ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லு. சரி, மூணு நாள்.”

“எமன்கிட்டயுமா பேரம் பேசுவீங்க?” கேட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

சாயங்கால வெளிச்சம் சுருங்கியது. பஞ்சின் வாடை, மருந்தின் நெடி, தரையில் வழுக்கும் நகங்களின் கிறீச்சொலி, அதற்கெல்லாம் அடியில் எலும்பு சுவரில் மெதுவாக அரைபடும் சத்தம். அவளைப் பின்னால் இழுத்துவிட்டார். மறுபடி அதே மூலை. மண்டியிட்டு, அவள் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கையைக் கொடுத்தார். கொதித்தது.

“இவளை விட்டுடு” என்றார், யாரிடம் என்று தெரியாமலே. “பதிலுக்கு என்ன வேணும்னாலும் எடுத்துக்கோ.”

வாழ்நாளில் முதல் தடவையாக, விலை பேசாமல் சொன்ன வார்த்தை.

அரைபடும் சத்தம் நின்றது.

மேனேஜரம்மா பின்வாங்கினாள். உடம்பை உதறினாள். தெளிந்த கண்ணால் அவரைப் பார்த்து வாலாட்டினாள். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின.

“ஏங்க, டாக்டர் வந்துட்டார்!”

நாய் குரைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடியது. “அட, இவளா ஓடி வர்றா?” மருத்துவரின் குரல்.

பதில் சொல்லத் திரும்பினார். கழுத்து திரும்பவில்லை. மறுபடி முயன்றார்.

சுவர் நெருங்கியது. இல்லை, அவர்தான்.

நெற்றி அதே மூலையில் பொருந்தியது. குளுமையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பெயிண்ட் உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம்.