ஐந்து நிமிட நகல்

காலை 10.40. ஏழாம் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு நர்ஸ் ஊசி போட்டாள். 10.44-க்கு அந்தப் பெண்ணுக்கு மூச்சுத் திணறியது.

11.30-க்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தபோது, தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே நோயாளியின் கணவன் கத்திக்கொண்டிருந்தான். "கொலைகாரி! அவளை வெளிய விடாதீங்க!"

அவளுக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று தலைமை மருத்துவமனையின் பரிசோதனைக்கூடம் 9.10-க்கே பதிவு செய்திருந்தது.

"ஒத்துக்காத மருந்துன்னா திரையில சிவப்புக் குறி வரும். அது இல்லவே இல்ல, மேடம். ரெண்டு தடவை பாத்தேன்." என்றாள் நர்ஸ். வேலை போவது இருக்கட்டும், ஜெயிலே காத்திருந்தது.

கம்ப்யூட்டர் இன்ஜினியர் திரையைத் திருப்பிக் காட்டினான். சிவப்புக் குறி பளிச்சென்று இருந்தது.

"பதிவெல்லாம் தலைமை மருத்துவமனை டேட்டாபேஸ்ல இருக்கு. இங்க தெரியறது நகல். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் புதுசாகும். உங்களுக்கு இதெல்லாம் புரியாது, மேடம்."

இன்ஸ்பெக்டரின் வீட்டுக்காரருக்கும் இதே பிழைப்புதான். பதினாறு வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே கிடையாது. அதை அவள் வெளியே சொல்லவில்லை.

"அந்த அஞ்சு நிமிஷத்தை மாத்த முடியுமா?"

"எஸ்க்யூஎல்-ல, அதான் டேட்டாபேஸுக்குக் கட்டளை போடற மொழில, ஒரே வரிதான். ஆனா ஒரு மாசமா நான் அதைத் தொடவே இல்ல."

11.55. வார்டு வாசல். வெள்ளைப் பலகையில் இன்றைய டியூட்டி 'எலும்பு டாக்டர்' என்று இருந்தது. அதற்கடியில் நேற்றைய 'தோல் டாக்டர்' அரைகுறையாக அழிந்திருந்தது.

"கம்ப்யூட்டர்ல டியூட்டி போடறதில்லையா?"

"போடறாங்க. யாரு பாக்கறா? எங்களுக்குப் பலகைதான்," என்றாள் ஆயா. "நேத்து மத்தியானத்துலேர்ந்து அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி என்னமா வேகமா ஓடுச்சு! இப்ப மறுபடி நகரவே மாட்டேங்குது."

இன்ஸ்பெக்டர் சட்டென்று திரும்பி நடந்தாள். தலைமை மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டாள்.

12.15.

"டியூட்டி பட்டியலைத் திறங்க, தம்பி."

திறந்தான். தோல் டாக்டர்.

"தலைமை மருத்துவமனையில காலைல ஏழு மணிக்கே எலும்பு டாக்டர்னு மாத்திட்டாங்க. அஞ்சு நிமிஷ நகல் அஞ்சு மணி நேரமா பழசாவே நிக்குதே, எப்படி?"

இன்ஜினியர் அவசரமாகப் பட்டியலை மூடினான்.

"நேத்து மத்தியானம் நோயாளிங்க பட்டியல், டியூட்டி பட்டியல் ரெண்டுக்கும் அஞ்சு நிமிஷத்தை ஒரு நாளாக்கினீங்க. அடிக்கடி தலைமை மருத்துவமனையைக் கேக்க வேண்டியதில்ல, அதான் பெட்டி வேகமா ஓடுச்சு. இன்னிக்கு அந்தப் பொண்ணு விழுந்ததும் பழையபடி மாத்தினீங்க. ஆனா அந்த மாத்தம் புது நகலுக்குத்தான் செல்லும். ஏற்கனவே எடுத்தது அதுக்குக் குறிச்ச நேரம் முடியறவரைக்கும் அப்படியே கெடக்கும். நோயாளிங்க நகலைக் கையோட அழிச்சீங்க. யாருமே பாக்காத டியூட்டி பட்டியலை மறந்துட்டீங்க."

"மெதுவா வருதுன்னு தினமும் என் உயிரை எடுத்தாங்க, மேடம்..."

"வேகமாக்கினது தப்புக் கணக்கு, விடுங்க. உங்களை நம்பித் திரையைப் பாத்தவ மேல பழியைப் போட்டீங்களே!"

12.40. தீவிர சிகிச்சை அறைக் கதவு திறந்தது. நோயாளி கண் விழித்துவிட்டாள். உள்ளே போய்வந்த கணவனிடம் இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொன்னாள்.

அவன் மூலையில் ஒடுங்கியிருந்த நர்ஸின் முன்னால் வந்து நின்றான்.

"மூச்சு முட்டினப்ப நீங்கதான் கையை விடாம பிடிச்சிருந்தீங்களாமே. உங்களைத்தான் கேக்கறா. உள்ள வாங்க, சிஸ்டர்."