தொலைவில் கறுப்பு கிடையாது

நடைவழியின் கோடியில் ஆணியில் தொங்கிய துண்டு காலையில் வெளிறியிருந்தது.

நேற்று உலர்த்தியபோது அது நல்ல அடர்சிவப்பு. இப்போது சாம்பல் கலந்த ரோஜா. சாயம் போய்விட்டது என்று நினைத்து, பல்துலக்கியை வாயில் வைத்தபடியே அருகில் போய்த் தொட்டாள். கைக்கெட்டும் தூரத்தில் துண்டு பழைய அடர்சிவப்புதான். சமையலறை வாசலுக்குத் திரும்பி வந்து பார்த்தாள். மறுபடி ரோஜா.

ஒரு சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினால் நடக்க இடமில்லாத நடைவழி அது. அதன் கோடியை, மழைநாளில் மலையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இது அவளுடைய தொழில். நாவல்களுக்கும் கதைப் புத்தகங்களுக்கும் படம் வரைந்து பிழைப்பவள். பனி, புகை, மழை, ஆளற்ற தெரு என்றால் பதிப்பகங்கள் அவளைத்தான் கூப்பிடும். வார இறுதி வகுப்புகளில் முதல் பாடமாக இதைத்தான் சொல்லுவாள்: விலகிப் போகும் பொருள் முதலில் கறுப்பை இழக்கும், அடுத்து சூட்டை, கடைசியில் ஓரங்களை. தொலைவில் கறுப்பு கிடையாது. பக்கத்தில் இருப்பதா தள்ளி இருப்பதா என்று முடிவு செய்யும்போது, கண் அளவைவிட நிறத்தைத்தான் முதலில் நம்பும்.

முன்னறைப் பலகையில் பொருத்தியிருந்த படமும் இதே நடைவழிதான். திகில் நாவல் ஒன்றின் அட்டை. கோடி அறையின் வாசலில் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலோடு அக்காவை உட்காரவைத்து வரைந்திருந்தாள். படத்தில் அக்கா கட்டைவிரல் உயரம்.

"என்னைப் பேயா போடப்போறியா?" என்று அன்றைக்கு அக்கா கேட்டாள். "அதுக்கு எதுக்குடி இவ்வளவு மெனக்கெடற? காலைல எந்திரிக்கிற மூஞ்சியைப் போடு, புத்தகம் பிச்சுக்கிட்டுப் போகும்."

பதிப்பாசிரியர் படத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். ஆழம் பத்தல மேடம். இன்னும் ஆழம். ஒவ்வொரு முறையும் அவள் வெள்ளையைத் தண்ணீராகக் கரைத்து, படத்தின் கோடியில் ஒரு பூச்சு பூசினாள். கடைசிப் பூச்சைப் பூசி, போட்டோ எடுத்து அனுப்பியது நேற்று சாயங்காலம்.

"அடியே..."

அக்காவின் குரல். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை. படிக்கட்டில் சறுக்கிக் கால் பிசகி விடுப்பில் இருக்கிறாள். அம்மா போனபிறகு இந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். அந்தத் தொண்டையிலிருந்து வந்த சத்தம் இப்போது, வயலுக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது.

ஆவி பறக்கும் காபியை எடுத்துக்கொண்டு நடந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் முனகல் அவள் முதுகுக்குப் பின்னால் சட்டென்று தேய்ந்தது. காபி வாசனை போய், விடியற்காலை வெட்டவெளியில் வரும் ஈரமான, எதுவுமற்ற ஒரு வாசனை மூக்கில் ஏறியது. காலடியில் அதே தரை, பக்கவாட்டில் அதே சுவர், ஆனால் சுவரில் உரசிக்கொண்டு வந்த அவளுடைய முழங்கையின் சத்தம் மட்டும் எங்கோ இறங்கிப்போய், வெகுநேரம் கழித்து, வேறு யாருடையதோபோல் திரும்பி வந்தது. பயந்தால் காரியம் ஆகாது என்று நடையை எட்டிப் போட்டாள்.

"எத்தனை தடவை கூப்பிடறது? காதை என்ன அடகு வெச்சிட்டியா?"

"இப்பதானே கூப்பிட்ட. உடனே கொண்டுவந்துட்டேனே."

"உடனேயா? இதைக் காபின்னு வேற சொல்லிக்கிற."

டம்ளர் ஜில்லிட்டிருந்தது. மேலே தடித்த ஆடை.

அவள், கோடி அறை நாற்காலியில் இருந்த அக்காவைப் பார்த்தாள். துண்டு கிட்டே போனால் சிவந்தது. அக்கா சிவக்கவில்லை. கறுப்புச் சாயம் பூசிய தலைமுடி இப்போது நீலச்சாம்பல். உதட்டோரத்து மச்சம் ஒரு மங்கலான புள்ளி. தாடை எங்கே முடிகிறது, பின்னாலிருந்த சுவர் எங்கே தொடங்குகிறது என்று அவளுடைய தேர்ந்த கண்ணுக்கே தெரியவில்லை. கன்னத்தைத் தொட்டாள். சூடு இல்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி பாக்கற?"

உதடுகள் அசைந்து நின்றபிறகே வார்த்தைகள் வந்து சேர்ந்தன.

"எந்திரி. முன்னறைக்குப் போலாம்."

"கால் இருக்கிற இருப்புல..."

"எந்திரிக்கா. நான் தாங்கிக்கிறேன். வாயை மூடிக்கிட்டு வா."

அக்காவின் கையைத் தோளில் போட்டு, இடுப்பை வளைத்துப் பிடித்து நடந்தாள். நல்ல கனம். அக்கா எப்போதும் பூசினாற்போல்தான். வாசலைத் தாண்டினார்கள். துண்டைத் தாண்டினார்கள். கனம் குறைந்தது. ஈரத்துணியின் கனம். பிறகு உலர்ந்த துணி. அவள் பிடியை இறுக்கினாள். பக்கத்தில் திரும்பினாள்.

அவள் கை காற்றை அணைத்திருந்தது.

"எங்கடி தனியாப் போற?"

பின்னால், வெகு பின்னால், நாற்காலியில் அக்கா. பனிக்குள் ஒரு கறைபோல்.

அவள் முன்னறைக்கு ஓடினாள். படத்தின் முன் நின்றாள். அதே கறை. அதே இடம். அவள் கையால் பூசிய வெள்ளைக்கு அடியில்.

கைப்பேசி அடித்தது.

"மேடம், பிரமாதம்! ஆழம்னா இதான்," என்றார் பதிப்பாசிரியர். "ஒரே ஒரு விஷயம். கோடியில அந்தப் பெண் உருவம் லேசாத் தெரியுது. இன்னொரு பூச்சு வெள்ளை குடுத்தீங்கன்னா சுத்தமா போயிடும்."

"அது எங்க அக்கா."

"சரிங்க மேடம், நான் அட்டைக்குச் சொல்றேன்."

"நானும் அட்டைக்குத்தான் சொல்றேன். அக்கா போக மாட்டா. வேணும்னா உங்க அட்டை போகட்டும்."

வைத்துவிட்டாள். மேசை விளிம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

ஈரப் பஞ்சால் வெள்ளையை ஒற்றி எடுக்கப் பார்த்தாள். காகிதம் நூல்நூலாக எழுந்தது. கூடவே நாற்காலியின் ஒரு கால் அழிந்தது. உள்ளே, நெடுந்தொலைவில், மரம் முறியும் சத்தம். அக்காவின் ஒரு சின்ன "ஐயோ."

பஞ்சைத் தூக்கி எறிந்தாள்.

எடுக்க முடியாது. சேர்க்கத்தான் முடியும்.

நடைவழி இப்போது முன்னறையின் வாசல்வரை வெளுத்திருந்தது. அதன் குளிர் கணுக்காலைத் தொட்டது. அவள் அதைப் பார்த்து, குரலை உயர்த்தியே சொன்னாள்: "உன் தூரத்தை நீயே வெச்சுக்க. அவளைக் குடு."

கறுப்பு மைப் புட்டியைத் திறந்தாள். தண்ணீர் சேர்க்கவில்லை. ஆக மெல்லிய தூரிகை. தொலைவில் கறுப்பு கிடையாது என்று எத்தனை பிள்ளைகளின் படத்தில் சுழித்துத் திருத்தியிருப்பாள். விதியா? உடையட்டும்.

முதலில் முடி. இழை இழையாக. அப்பட்டமான கறுப்பு.

அக்காவின் மூக்குக்கண்ணாடிச் சட்டம். மச்சம்.

தாடைக்கு ஒரு கோடு. கூர்மையாக. சுவரிலிருந்து வெட்டி எடுத்ததுபோல்.

கன்னத்துக்குச் சிவப்பு. உதட்டுக்குச் சிவப்பு. சூடு வரட்டும்.

கால்கட்டின் ஒவ்வொரு நூலும்.

நாற்காலிக்குப் புதிதாக ஒரு கால்.

"அக்கா!" வரைந்துகொண்டே கத்தினாள். "அக்கா! வா! வந்துடு!"

"ஏண்டி ஒரேயடியா கத்தற? பக்கத்துலதானே இருக்கேன்."

முழுக் குரல். கடைசி பெஞ்சுக் குரல். காதோரத்தில். மூச்சுச் சூடு கன்னத்தில் பட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, ஜெயித்துவிட்டோம் என்று திரும்பினாள்.

பக்கத்தில் யாரும் இல்லை.

எதிரே நடைவழி. பாலாய் வெளுத்த நடைவழி. கோடியில் வாசல். வாசலில் நாற்காலி. நாற்காலியில் அக்கா.

மங்கலே இல்லை. முடி கன்னங்கரேலென்று. மச்சம் தெரிந்தது. கட்டின் நூல்கள் தெரிந்தன. இமைகள் தெரிந்தன.

உயரம் மட்டும் படத்தில் இருந்த அதே உயரம்.

கண் தடுமாறியது. அங்கேயா, இங்கேயா. ஒரு கண்ணை மூடினாள். தூரத்தை அளக்க ஓவியர்கள் செய்வதுபோல் கையை நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி, அக்காவின் பக்கத்தில் பிடித்தாள்.

சரியாக அதே உயரம்.

விரல்நுனி எதிலோ பட்டது.

முடி. எண்ணெய் தடவிய, வெதுவெதுப்பான முடி.

"கையை எடுடி," என்றது அந்த முழுக் குரல். "கண்ணுல குத்திடப் போற."

அவள் கையை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். நாற்காலியோடு சேர்த்து அக்காவைச் சுற்றி விரல்களை மெல்ல மூடினாள்.

"விட மாட்டேன்க்கா."

மூடிய கைக்குள் முட்டி இடித்தது. முழங்கை இடித்தது. ஒரு கால் உதைத்தது. பிறகு எல்லாம் அடங்கி, குருவி நெஞ்சைப்போல் ஒன்று மட்டும் அவள் உள்ளங்கையில் அடித்துக்கொண்டேயிருக்க, அறை முழுக்க, நான்கு சுவரிலும் மோதி, முழு அளவில் அக்கா மூச்சுவிட்டாள்.