பதின்மூன்று வீடுகள்... ஒரே பொய்!

செல்போன் அலறியது.

ஜெசிந்தா எடுத்தாள்.

"சர்வே எடுக்குற பொண்ணுதானே? ஒயுங்கா பொன்னேரி பஸ் ஏறிடு. இல்லாட்டி உன்னயே பொணமா கணக்கெடுப்பாங்க!"

டொக்!

லைட்ஹவுஸ் குப்பத்தின் உச்சி வெயிலிலும் அவளுக்கு முதுகு சில்லிட்டது.

வெளிநாடு போனவர்களைக் கணக்கெடுப்பது அவள் வேலை. காலையிலிருந்து பன்னிரண்டு வீடுகள் ஏறி இறங்கியிருந்தாள்.

பன்னிரண்டிலும் ஒரே பதில்.

"யாரும் வெளிநாடு போகல. மீஞ்சூர்ல கம்பெனி வேலை."

எந்தக் கம்பெனி? யாருக்கும் தெரியவில்லை!

பன்னிரண்டாவது வீட்டுப் பூவிழி அதை அவசரமாகச் சொன்னாள். கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

பதின்மூன்றாவது, மாடி வீடு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் கங்காதரன் வாசலை மறித்து நின்றான்.

"இன்னா, இன்னும் போகலியா?"

போனில் கேட்ட அதே கரகரப்பு!

"மிரட்டினது நீங்கதானா?"

"ஆமா! இப்ப இன்னான்ற? ஊருக்கே ஜீரோனு எழுதினு கெளம்பு."

ஜெசிந்தா ஃபாரங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை.

"போன தடவையும் ஜீரோதான் சார். வெளிநாட்டுல ஒருத்தர் மாட்டிக்கிட்டா, தூதரகத்துல அப்படி ஆளே இல்லைனுதானே சொல்லுவாங்க? யாரைத் தேடுவாங்க?"

"தேடவே கூடாதுன்றேன்!"

பாய்ந்து ஃபாரங்களைப் பிடுங்கினான்.

சரக்... சரக்!

காகிதத் துண்டுகள் மணலில் பறந்தன.

"எழுதும்மா!"

உள்ளிருந்து ஒரு பெண் குரல்.

கோவிந்தம்மா. கங்காதரனின் மனைவி!

"எங்க வூட்ல ஒருத்தன். என் தம்பி தமிழ்வாணன். வயசு இருவத்தாறு."

"ஏய்! உள்ள போடி!"

"நீ மூடுய்யா வாய! மீஞ்சூர்ல கீறான்னு என்னாண்டயே புளுகின இல்ல? காலைல போன் பண்ணான்யா... வளைகுடாவுல ஒரு போட்ல பதிமூணு பேர அடைச்சி வச்சிகீறாங்களாம். பாஸ்போர்ட்ட புடுங்கிட்டாங்களாம். குடிக்கத் தண்ணி இல்லியாம்!"

கங்காதரனின் முகம் வெளுத்தது.

"தூதரகத்துக்குப் பேசினேன். உங்க ஊர்ல இருந்து யாரும் வந்ததா பதிவே இல்லம்மான்றாங்க!"

பின்னால் காலடிச் சத்தம். ஜெசிந்தா திரும்பினாள்.

சத்தம் கேட்டு வந்த பன்னிரண்டு வீட்டுப் பெண்களும்! முன்னால் பூவிழி.

"எங்க வூட்டையும் எழுதுக்கா. டூரிஸ்ட் விசாவுல வேலைக்கு அனுப்பினாரு. வெளிய சொன்னா புருசன் திரும்பி வந்ததும் ஜெயிலுனு மெரட்டினாரு."

கங்காதரன் பின்வாசல் வழியே வெளியே ஓடினான்.

அங்கே ஜீப்போடு நின்றிருந்தார் இன்ஸ்பெக்டர் தசரதன்!

"எ... எவன் சார் போட்டுக் குடுத்தது?"

"எவன் இல்ல... எவ!" என்றாள் கோவிந்தம்மா. "காலைலயே ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்துட்டேன்."

ஜெசிந்தா பையிலிருந்து புது ஃபாரங்களை எடுத்தாள். பெயர், வயது, போன தேதி, கடைசியாகப் பேசிய நாள்... பதின்மூன்று பேர். மாலைக்குள் பட்டியல் தூதரகத்துக்குப் போனது. அதை வைத்துத்தான் அந்தப் போட்டைத் தேடிப் பிடித்தார்கள். பத்தாம் நாள், பதின்மூன்று பேரும் சென்னை ஏர்போர்ட்டில் உயிரோடு இறங்கினார்கள்.

ஆனால் அது பிறகு.

இப்போது, ஜீப்பில் ஏறிய கங்காதரன் அவளை முறைத்தான்.

"சந்தோசமா? என் பேரையும் எழுதிக்கினியா?"

ஜெசிந்தா பேனாவை மூடினாள்.

"நீங்க போறது புழல் ஜெயிலுக்கு சார். உள்நாட்டுக்கு வேற ஃபாரம்!"