பசை காயாத சுவர்

சுரண்டியை வைத்து நாலாவது அடுக்கைக் கிளப்பியபோது அஜிஷாவின் விரலில் பசை ஒட்டியது. ஈரப் பசை.

தக்கலையில் அந்தத் தியேட்டரை மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. டிக்கெட் அறையின் பலகைச் சுவரில் பழைய போஸ்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மெத்தை கனத்துக்கு ஒட்டிக் கிடந்தன. அவள் வரைகிறவள் அல்ல, கிழிக்கிறவள். கதாநாயகனின் கன்னத்தைக் கிழித்தால் உள்ளே யாரோ ஒருத்தியின் வளையல் கை, அதையும் கிழித்தால் தேர்தல் சின்னம். எங்கே நிறுத்துவது என்பதில்தான் அவள் கைத்திறமை எல்லாம். கொச்சி ஓவியக் கண்காட்சிக்குப் பலகைகளை ஏற்றிப்போக ஆன்ஸ்லின் நாலு மணிக்கு வண்டி கொண்டுவருவான். அதற்குள் முடித்தாக வேண்டும்.

மழை ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலும் கிழித்தாள். உள்ளே போகப் போகத் தாள் மஞ்சளித்துப் பழசாகியது. பசையோ புதுசாகிக்கொண்டே வந்தது. பசை காய்ச்சுகிற இடம்போல மைதாவும் மயில்துத்தமும் சேர்ந்து கொதிக்கிற வாடை அறையை நிறைத்தது. ஏழாவது அடுக்கில் விரல் சுட்டது.

போதும் என்று சுரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

கதவைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் மூலைக்கு மூலை போஸ்டர், ஒரு சுருக்கமில்லாமல். டிக்கெட் கொடுக்கும் ஓட்டையும் மூடியிருந்தது. தாள் வழியே வடிந்த மங்கல் வெளிச்சம் மட்டும். ஓடிப்போய்க் கிழித்தாள். கீழே இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று.

வெளியே வண்டி வந்து நின்றது.

“எக்கா, கதவத் தெறந்து போட்டுட்டு எங்க போனிய?”

ஆன்ஸ்லினின் செருப்புச் சத்தம் உள்ளே வந்தது. ஒரு சாண் தூரத்தில், தாளுக்கு அந்தப் பக்கம், நின்றது.

“இஞ்ச இருக்கேன் மக்கா! அந்தத் தாளக் கிழி!” இரண்டு கையாலும் அறைந்தாள்.

அவன் அவளைப் போனில் கூப்பிட்டான் போல; வாசல் ஸ்டூலில் அவள் வைத்திருந்த போன் அந்தப் பக்கம் அடித்தது.

“போனும் இஞ்சதான் கெடக்கு. சாயா குடிக்கப் போயிருப்பாவளோ,” என்று அவன் முனகினான். செருப்புச் சத்தம் விலகியது. கதவைச் சாத்துவது கேட்டது.

நகத்தால் பிறாண்டினாள். நகம் பெயர்ந்தது. தாள். தாள். பின்னும் தாள்.

பிடரியில் சூடாக ஏதோ பட்டது. அகலமான பிரஷ். மேலிருந்து கீழாக, நிதானமாக.

கத்த வாய் திறந்தாள். நனைந்த தாள் ஒன்று தலைவழியே இறங்கி முகத்தை மூடியது. ஓர் உள்ளங்கை, காற்றுக்குமிழி நின்றுவிடாதபடி, அவள் நெற்றியிலிருந்து வாய்வரைக்கும் மெல்லத் தடவிவிட்டது.